மடித்து வைக்கும் பகுதிகள்: வலைப்பக்கத்தில் எதை மூடலாம், எதை மூடக் கூடாது?

கைபேசியில் ஒரு கல்லூரியின் சேர்க்கைப் பக்கத்தையோ பேருந்து முன்பதிவுப் பக்கத்தையோ திறந்தால், இப்போதெல்லாம் பத்திகளைவிடப் பட்டைகள்தான் அதிகம் கண்ணில் படுகின்றன. 'தகுதி', 'தேவையான ஆவணங்கள்', 'கட்டணம்', 'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்' என்று வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு கூட்டல் குறியோ கீழ்நோக்கிய அம்போ இருக்கும். தட்டினால் விரியும், மறுபடி தட்டினால் மூடிக்கொள்ளும்.

இதைப் பற்றி வலைத்தளம் நடத்துபவர்களிடம் பலவிதமான நம்பிக்கைகள் உலவுகின்றன. மூடிய உரையை கூகுள் கண்டுகொள்ளாது என்கிறார்கள் சிலர். நீளமான பக்கத்தை யாரும் படிக்க மாட்டார்கள், அதனால் எல்லாவற்றையும் மடித்துவிடு என்கிறார்கள் வேறு சிலர். இரண்டிலும் கொஞ்சம் உண்மை, நிறைய தவறு. அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## மடிப்புப் பகுதி என்பது எது?

இதில் மூன்று உறுப்புகள் உண்டு.

1. எப்போதும் தெரியும் தலைப்புப் பட்டை. தட்டுவதற்கான இடம் இதுதான்.
2. அதன் கீழே மறைந்திருக்கும் உள்ளடக்கம்.
3. திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்ற நிலை. அம்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது இதைத்தான் சொல்கிறது.

ஒரே ஒரு பகுதி தனியாக மடிந்திருக்கலாம். பல பகுதிகள் அடுக்காக வந்தால் அதை அக்கார்டியன் என்பார்கள். கட்டுரையைப் பாதியில் வெட்டி 'மேலும் படிக்க' என்று போடுவது வேறு ரகம். அங்கே படிப்பவருக்குத் தேர்வு எதுவும் இல்லை, ஒரு தடைதான் இருக்கிறது. இந்தக் கட்டுரை அக்கார்டியனையும் தனி மடிப்பையும் பற்றியது.

## உருட்டுவதும் தட்டுவதும் ஒன்றல்ல

நீளமான பக்கத்தைக் கட்டைவிரலால் உருட்டிக்கொண்டே போவது யோசிக்காமல் நடக்கிற வேலை. கண் ஓடிக்கொண்டே இருக்கும், தேவையான சொல் பட்டதும் விரல் நிற்கும். ஒரு பட்டையைத் தட்டுவது அப்படியில்லை. தட்டுவதற்கு முன் ஓர் ஊகம் தேவை: 'நான் தேடுவது இதற்குள் இருக்குமா?' ஊகம் தப்பினால் மூட வேண்டும், அடுத்ததை ஊகிக்க வேண்டும். எட்டுப் பட்டைகள் உள்ள பக்கத்தில் ஒருவருக்கு ஆறு பகுதிகள் தேவை என்றால், ஆறு முறை தட்டவைத்ததைத் தவிர அந்த வடிவமைப்பு அவருக்கு எதுவும் செய்யவில்லை.

ஆனால் எட்டில் ஒன்றுதான் தேவை என்றால் கணக்கு மாறிவிடுகிறது. எட்டுத் தலைப்புகளும் ஒரே திரையில் தெரிகின்றன. சரியானதைத் தட்டினால் வேலை முடிந்தது. அப்போது பட்டைகளே பொருளடக்கமாகிவிடுகின்றன.

ஆகவே பக்கத்தின் நீளத்தை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. ஒரு வாசகருக்கு எத்தனை பகுதிகள் தேவைப்படும் என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பக்கம் பார்க்க நறுக்கென்று இருக்க வேண்டும் என்பதற்காக மடிப்பது, பக்கத்தைச் செய்தவரின் சிக்கலை வாசகரின் தலையில் இறக்கி வைப்பதுதான். என்னைக் கேட்டால், இன்று மடிக்கப்பட்டிருக்கும் பக்கங்களில் பெரும்பாலானவை இந்த ரகம்.

## விக்கிப்பீடியா: ஒரே தளம், இரண்டு முடிவுகள்

இந்தக் கணக்கை நேரில் பார்க்க விக்கிப்பீடியாவைவிட நல்ல இடம் இல்லை. தமிழ் விக்கிப்பீடியாவின் ஒரு நீளமான கட்டுரையைக் கைபேசி உலாவியில் திறந்தால், முன்னுரை மட்டும் முழுதாக இருக்கும். 'வரலாறு', 'புவியியல்', 'மக்கள் தொகை' போன்ற மற்றப் பகுதிகள் தலைப்போடு மூடியிருக்கும். அதே கட்டுரை கணினியில் முழுக்கத் திறந்தே இருக்கும்.

கைபேசியில் ஏன் மூட வேண்டும்? கலைக்களஞ்சியத்தைப் பெரும்பாலும் யாரும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பதில்லை. ஓர் ஊரின் மக்கள் தொகை தெரிய வேண்டும், ஒருவர் எந்த ஆண்டு பிறந்தார் என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சிறிய திரையில் பக்கவாட்டில் பொருளடக்கம் வைக்கவும் இடமில்லை. மூடிய தலைப்புகள் அந்த வேலையைச் செய்கின்றன. மூடியிருப்பதை விரும்பாதவர்களுக்காக, கைபேசித் தளத்தின் அமைப்புகளில் எல்லாப் பகுதிகளையும் விரித்தே காட்டும் தேர்வும் உண்டு.

இன்னொரு பக்கம், ஆங்கில விக்கிப்பீடியாவின் நடைக் கையேடு தொகுப்பாளர்களிடம் கண்டிப்பாக ஒன்று சொல்கிறது: கட்டுரையின் உள்ளடக்கத்தை, பக்கம் திறக்கும்போதே மறைந்திருக்கும்படி மடிக்காதே. கட்டுரையின் அடியில் வரும் தொடர்புடைய கட்டுரைகளின் பட்டியல் பெட்டி மூடியிருக்கலாம். அது கூடுதல் வசதி, கட்டுரையின் உடல் அல்ல. ஆனால் ஓர் அட்டவணையையோ பத்தியையோ தொகுப்பவர் தன் விருப்பத்துக்கு மடித்து வைக்கக் கூடாது. மடிப்பு எல்லாச் சாதனங்களிலும் ஒரே மாதிரி வேலை செய்யாது, பக்கத்தை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் இல்லாத இடத்தில் திறக்காமல் போகலாம், அச்சில் விடுபடலாம் என்பதெல்லாம் காரணங்கள்.

முதல் பார்வைக்கு இது முரண்பாடாகத் தெரியும். உண்மையில் இரண்டும் ஒரே அளவுகோலில் நிற்கின்றன. கைபேசித் தளம் மடிப்பது ஒரே சீரான விதிப்படி. எல்லாப் பகுதிகளும் மூடியிருக்கும், தலைப்பு தெரியும், படிப்பவர் இரண்டாவது கட்டுரையிலேயே பழகிவிடுவார். தொகுப்பவர் மடிப்பது அவரவர் போக்கில். எது முக்கியம், எது முக்கியமில்லை என்று வாசகருக்குப் பதிலாக யாரோ முடிவெடுத்ததாக அது ஆகிவிடும்.

## மடிப்பதற்கு முன் கேட்க வேண்டியவை

பிரிட்டன் அரசின் ஜிஓவி.யூகே வடிவமைப்புத் தொகுப்பில் அக்கார்டியன் ஓர் ஆயத்த உறுப்பாகவே கிடைக்கிறது. ஆனால் அதற்கான வழிகாட்டுதலின் தொனியே, 'முதலில் இது இல்லாமல் முயன்று பார்' என்பதுதான். உரையைக் குறை, பல பக்கங்களாகப் பிரி, அல்லது ஒரே பக்கத்தில் துணைத்தலைப்புகளோடு வை, மேலே இணைப்புப் பட்டியல் கொடு என்று மாற்று வழிகளைச் சொல்கிறது. எல்லோருக்கும் தேவையான தகவலை மடிக்காதே என்றும் சொல்கிறது. இதைப் படித்தால் கேள்விகள் தாமாகவே அமைகின்றன:

1. இந்தப் பக்கத்துக்கு வருபவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு பகுதிகள் மட்டும்தான் தேவையா?
2. பகுதிகள் ஒன்றையொன்று சாராமல் தனித்து நிற்குமா? மூன்றாவது புரிய முதலாவதைப் படித்திருக்க வேண்டும் என்றால், மடிப்பு வேண்டாம்.
3. இரண்டு பகுதிகளை வாசகர் ஒப்பிட்டுப் பார்ப்பாரா? விலைத் திட்டங்கள், பாடப்பிரிவுகள் எல்லாம் அருகருகே தெரிய வேண்டியவை.
4. மடிக்காமல், உரையைப் பாதியாகக் குறைத்தால் போதாதா?

நான்காவது கேள்வியில்தான் பல பக்கங்கள் அடிபட்டுப் போகும். யாருக்கும் தேவையில்லாத பத்தியை நீக்க மனம் வராதபோது அதை மடிப்புக்குள் தள்ளிவிடுகிறோம். அது அங்கேயே ஆண்டுக்கணக்கில் கிடக்கும், பழைய கட்டணமும் பழைய தேதியுமாக.

## எல்லாமே தலைப்பில் இருக்கிறது

மூடிய பகுதியில் வாசகர் பார்ப்பது தலைப்பை மட்டும்தான். அது தெளிவாக இல்லையென்றால் உள்ளே என்ன எழுதினாலும் பயனில்லை. பேருந்துப் பயணச்சீட்டை ரத்து செய்வது பற்றிய பக்கம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக இப்படி இருக்கும்:

பொது விவரங்கள்
விதிமுறைகள்
முக்கியக் குறிப்புகள்
மேலும் தகவல்கள்

ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பது இந்த நான்கில் எதற்குள்ளும் இருக்கலாம். நான்கையும் திறந்து பார்ப்பதைத் தவிர வழியில்லை. இதையே இப்படி மாற்றிப் பாருங்கள்:

எத்தனை மணி நேரம் முன்பு வரை ரத்து செய்யலாம்?
ரத்து செய்தால் எவ்வளவு பிடித்தம்?
பணம் எப்போது, எந்தக் கணக்குக்குத் திரும்பும்?
பேருந்து நிறுவனமே ரத்து செய்தால்?

உள்ளடக்கம் ஒரு வரிகூட மாறவில்லை. ஆனால் வந்தவர் ஒரே தட்டில் வெளியேறிவிடலாம். தலைப்பு வைக்கும்போது அலுவலகத்தின் கோப்புப் பெயர்களை மறந்துவிட்டு, வருபவர் வாயில் வரும் கேள்வியையே எழுதுவது நல்லது.

தமிழில் இதற்குக் கூடுதல் கவனம் வேண்டும். சொற்கள் நீளமானவை. கணினியில் ஒரு வரியில் அடங்கும் தலைப்பு கைபேசியில் மூன்று வரியாக உடையும். அப்போது அம்புக்குறி எந்தத் தலைப்புக்கு உரியது என்றே தெரியாமல் போகும். சில தளங்கள் நீளத்தைச் சமாளிக்க, தலைப்பைப் பாதியில் வெட்டி மூன்று புள்ளி வைத்துவிடுகின்றன. தலைப்பையும் வெட்டிவிட்டால் அங்கே மிஞ்சுவது வெறும் பெட்டி. இரண்டு வரியாக உடையட்டும், வெட்ட வேண்டாம். முக்கியமான சொல் முதலில் வரட்டும்.

அப்புறம், அம்புக்குறி மட்டுமல்லாமல் பட்டை முழுவதும் தட்டினால் திறக்க வேண்டும். 2023 அக்டோபரில் வெளிவந்த வலை அணுகல் நெறிகளின் (மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி தளங்களை அமைப்பதற்கான விதிகள்) 2.2 பதிப்பு, தொடும் இடம் குறைந்தது 24க்கு 24 பிக்சல் அளவாவது இருக்க வேண்டும் என்கிறது. அது அடிமட்ட வரம்புதான். வயதானவர்களின் விரலுக்கு இன்னும் பெரிய இடம் வேண்டும்.

## உள்ளே எப்படி இயங்குகிறது?

நெடுங்காலம் இதற்கு ஜாவாஸ்கிரிப்ட் நிரல்தான் வழி. இப்போது வலைப்பக்கங்களை எழுதும் ஹெச்டிஎம்எல் மொழியிலேயே 'டீட்டெயில்ஸ்', 'சம்மரி' என்று இரண்டு குறிகள் இருக்கின்றன. டீட்டெயில்ஸ் முழுப் பகுதியையும் சூழ்ந்திருக்கும், அதற்குள் முதலில் வரும் சம்மரி தலைப்புப் பட்டையாகும். குரோம் 2011இல் இதை ஏற்றது, சஃபாரி 2012இல், ஃபயர்ஃபாக்ஸ் 2016இல். பழைய எட்ஜ் உலாவி கடைசி வரை ஏற்கவே இல்லை. 2020 ஜனவரியில் எட்ஜ் புது இயந்திரத்துக்கு மாறிய பிறகுதான் எல்லா முக்கிய உலாவிகளிலும் இது வேலை செய்யத் தொடங்கியது. இன்று புதிதாக ஒரு பக்கம் செய்பவர் நிரல் எழுதத் தொடங்கும் முன் இந்தக் குறிகளைப் பயன்படுத்த முடியுமா என்று பார்க்க வேண்டும். விசைப்பலகையில் என்டர், ஸ்பேஸ் விசைகளால் திறப்பது, நிலையைத் திரைவாசிப்பானுக்குத் தெரிவிப்பது எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன.

திரைவாசிப்பான் என்பது பார்வையற்றவர்களுக்குத் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள். அம்பு திரும்புவது அவர்களுக்குத் தெரியாது. 'கட்டணம், பொத்தான், மூடியுள்ளது' என்று காதில் விழ வேண்டும். டீட்டெயில்ஸ் இல்லாமல் சொந்தமாக அக்கார்டியன் செய்பவர்கள், தட்டும் இடத்தை உண்மையான பொத்தானாக வைத்து, அதில் திறந்த நிலையைத் திரைவாசிப்பானுக்குச் சொல்லும் 'ஏரியா எக்ஸ்பாண்டட்' என்ற பண்பைத் திறக்கும்போதும் மூடும்போதும் மாற்ற வேண்டும். வெறும் பெட்டி ஒன்றுக்குக் கிளிக் நிரல் மாட்டிவிட்டால், சுட்டி பிடிக்கத் தெரிந்தவருக்கு மட்டும் அது திறக்கும். விசைப்பலகை மட்டும் பயன்படுத்துபவரால் அதைத் திறக்கவே முடியாது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். சம்மரிக்குள் தலைப்புக் குறி வைத்தால், சில உலாவி, திரைவாசிப்பான் சேர்க்கைகளில் அது தலைப்பாக அறிவிக்கப்படுவதில்லை. தலைப்பு தலைப்பாகத் தாவிப் படிப்பவர்கள் நிறைய உள்ள நீளமான பக்கத்தில், தலைப்புக்குள் பொத்தான் வைக்கும் பழைய முறையே மேல்.

## படிவத்தை மடித்தால் வரும் கோளாறு

இது தனியாகச் சொல்ல வேண்டியது, ஏனென்றால் பாதிப்பு நேரடியானது. விண்ணப்பப் படிவத்தை 'தனிப்பட்ட விவரம்', 'முகவரி', 'கல்வி' என்று மடிப்புகளாகப் பிரிக்கிறார்கள். முகவரிப் பகுதியில் அஞ்சல் குறியீடு கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம். விண்ணப்பதாரர் அதை விட்டுவிட்டு, பகுதியை மூடிவிட்டு, 'சமர்ப்பி' என்பதைத் தட்டுகிறார்.

உலாவி விடுபட்ட கட்டத்துக்குப் போய்ச் செய்தி காட்டப் பார்க்கும். ஆனால் கட்டம், பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் மூலம் முழுதாக மறைக்கப்பட்டிருந்தால் அதனால் அங்கே போக முடியாது. குரோமில் படிவம் அனுப்பப்படாது, திரையில் எந்தச் செய்தியும் வராது. பிழைச் செய்தி நிரலாளர்கள் மட்டும் பார்க்கும் கன்சோலில் பதிவாகும். விண்ணப்பதாரர் பொத்தானை மறுபடி மறுபடி தட்டிக்கொண்டிருப்பார். கடைசித் தேதியன்று இரவு பதினொன்றரை மணிக்கு ஒரு மாணவருக்கு இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். படிவங்களை மடிக்கவே வேண்டாம். பிரித்தே ஆக வேண்டுமென்றால் தனித்தனிப் பக்கங்களாகப் பிரிக்கலாம். மடித்துத்தான் ஆக வேண்டும் என்றால், தவறு உள்ள பகுதியைத் தானாகத் திறந்து காட்டும் நிரல் கட்டாயம்.

## தேடல், அச்சு, கூகுள்

பக்கத்துக்குள் தேடுவது. கன்ட்ரோலும் எஃப்பும் அழுத்தித் தேடும்போது மூடிய பகுதியில் உள்ள சொல் பல உலாவிகளில் நெடுங்காலம் கிடைக்கவே இல்லை. குரோம் 2022 ஜனவரியில் வந்த 97ஆம் பதிப்பிலிருந்து, சொல் டீட்டெயில்ஸுக்குள் இருந்தால் அதைத் தானாகத் திறந்து காட்டுகிறது. சொந்த அக்கார்டியன்களுக்கும் இதே வசதி கிடைக்க 'ஹிடன்' பண்புக்கு 'அன்டில் ஃபவுண்ட்' என்ற மதிப்பு 102ஆம் பதிப்பில் வந்தது. எல்லா உலாவிகளும் ஒரே நேரத்தில் இதற்கு வந்து சேரவில்லை. தமிழில் தேடுபவருக்கு ஏற்கெனவே ஒரு தடை உண்டு: 'கட்டணம்' என்று தேடினால் 'கட்டணத்தை', 'கட்டணத்தில்' எல்லாம் அகப்படாது. அதன்மேல் இதுவும் சேர்கிறது. அதனால் 'எல்லாவற்றையும் திற' என்ற ஒற்றைப் பொத்தான் பக்கத்தின் மேலே இருப்பது பெரிய உதவி. ஜிஓவி.யூகே அக்கார்டியனில் அது இயல்பாகவே வருகிறது.

அச்சு. மூடிய பகுதி மூடியபடியேதான் அச்சாகும். ஆவணப் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போகிறவர் கையில் தலைப்புகள் மட்டும் இருக்கும். அச்சுக்கு முன் எல்லாவற்றையும் திறக்கச் சில வரி நிரல் போதும். ஆனால் அதை யாராவது நினைத்து எழுத வேண்டும்.

கூகுள். தளத்தின் கணினி வடிவத்தை வைத்துத் தேடலுக்காகப் பட்டியலிட்ட காலத்தில், மறைந்த உரைக்கு மதிப்புக் குறைவு என்ற பேச்சில் உண்மை இருந்தது. 2016 நவம்பரில் கைபேசிப் பக்கத்தை முதன்மையாகக் கொள்ளப்போவதாக கூகுள் அறிவித்தபோது, இடவசதிக்காக மடித்த உரைக்கும் முழு மதிப்பு உண்டு என்று அதன் தரப்பில் சொல்லிவிட்டார்கள். ஒரு நிபந்தனை இருக்கிறது: உரை பக்கத்தின் மூல நிரலிலேயே இருக்க வேண்டும். தட்டிய பிறகுதான் தளத்தின் வழங்கிக் கணினியிலிருந்து வரும் என்றால், பக்கங்களைப் படித்துச் சேகரிக்கும் கூகுளின் நிரல் அதைப் பார்க்காது. அது எதையும் தட்டுவதில்லை.

கேள்வி-பதில் அக்கார்டியன்கள் இவ்வளவு பெருகியதற்கும் கூகுளே ஒரு காரணம். 2019இல், குறிப்பிட்ட வடிவில் குறியிட்ட கேள்வி-பதில்களைத் தேடல் முடிவிலேயே விரித்துக் காட்டத் தொடங்கியது. உடனே எல்லாப் பக்கங்களின் அடியிலும் யாரும் கேட்காத கேள்விகள் முளைத்தன. 2023 ஆகஸ்டில் அந்தச் சலுகையைப் பெயர்பெற்ற அரசுத் தளங்களுக்கும் சுகாதாரத் தளங்களுக்கும் மட்டும் என்று சுருக்கினார்கள். காரணம் போய்விட்டது, பெட்டிகள் மட்டும் பல பக்கங்களில் நிற்கின்றன. தாராளமாக நீக்கலாம்.

## ஒன்றைத் திறந்தால் மற்றொன்று மூடுவது

பல அக்கார்டியன்களில் புதிதாக ஒன்றைத் திறந்ததும் முன்பு திறந்தது தானாக மூடிக்கொள்ளும். டீட்டெயில்ஸ் குறிகளுக்கு ஒரே 'நேம்' கொடுத்தால் நிரல் இல்லாமலே இது நடக்கும். 2023 டிசம்பரில் குரோமும் சஃபாரியும், 2024 செப்டம்பரில் ஃபயர்ஃபாக்ஸும் இதை ஏற்றன. எளிதாகிவிட்டது என்பதற்காகப் பயன்படுத்த வேண்டியதில்லை. மேலே உள்ள நீளமான பகுதி திடீரென்று மூடும்போது கீழே படிக்க வந்த இடம் திரையை விட்டு மேலே ஓடிவிடும். ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியாது. தான் திறந்ததைத் தானே மூடும் உரிமை வாசகருக்கு இருக்கட்டும்.

## மடிப்பு எப்போது ஏமாற்று ஆகிறது?

இதுவரை சொன்னது வசதி பற்றியது. பணம் சம்பந்தப்பட்ட பக்கங்களில் இது சட்டத்தைத் தொடும் விஷயம். இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று ஏமாற்று வடிவமைப்புகளைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை அறிவித்து, 13 வகைகளைப் பட்டியலிட்டது. விலையின் சில கூறுகளை முதலில் சொல்லாமல் பிறகு வெளியிடுவது அதில் ஒன்று. ஒரு தகவலைத் தூக்கிக் காட்டி, தேவையான இன்னொன்றை மங்கவைத்து வாசகரைத் திசைதிருப்பும் திரையமைப்பு இன்னொன்று. சந்தாவை ரத்து செய்யும் வழியை மறைப்பதும், சிக்கலாக்குவதும் அதில் சேரும்.

அந்தப் பட்டியலில் அக்கார்டியன் என்ற பெயர் இல்லை. ஆனால் 'ரூ. 499 மட்டும்' என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, வசதிக் கட்டணத்தையும் வரியையும் 'மற்ற விவரங்கள்' என்ற மூடிய பட்டைக்குள் வைத்தால் நடப்பது அதேதான். செய்தவர் நல்லெண்ணத்தில் பக்கத்தைச் சுருக்கியிருக்கலாம். பணம் கட்டியவருக்கு அந்த வேறுபாடு தெரியாது. மொத்தத் தொகை, ரத்துப் பிடித்தம், தானாகப் புதுப்பிக்கப்படும் சந்தாவின் தேதி, திரும்பக் கிடைக்காத முன்பணம் ஆகிய நான்கும் பணம் கட்டும் பொத்தானுக்கு மேலே, மடிக்காமல், மற்ற உரையின் அதே எழுத்தளவில் இருக்க வேண்டும். அந்தத் தொகை எப்படிக் கணக்கிடப்பட்டது என்ற விரிவான அட்டவணையை அதற்குக் கீழே மடித்து வைக்கலாம்.